மூன்று பேரில் ஒருவர் வளைய வேண்டும்

நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், வானவர் கீதத்தின் நான்காவது வரியில், என் கிற்றாரின் மூன்றாம் தந்தி அறுந்தது. கோயில் மணிகள் முழங்கிக்கொண்டிருந்தன. குடிலில் கிடத்திய பாலனின் சுரூபத்தின் மீது அப்போதுதான் வெளிச்சம் விழுந்திருந்தது. எனக்குப் பதினேழு வயது. எங்கள் பாடகர் குழுவில் கிற்றார் எடுத்த முதல் பெண்பிள்ளை நான். அன்றைக்கு ஒரு பிழையும் வந்துவிடக் கூடாது என்று மார்கழி முழுவதும் பயிற்சி செய்திருந்தேன். அறுந்த தந்தி சுருண்டு வந்து புறங்கையைக் கீறியது. மீதி ஐந்து தந்திகளோடு இறுதிப் பாடல் வரை வாசித்து முடித்தேன்.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் தந்தியைத்தான் குறை சொன்னார்கள். மட்டக்களப்பில் அது நியாயமான குற்றச்சாட்டுத்தான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி; இரண்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் வீடுகளில் இரும்பென்று எதைத் தொங்கவிட்டாலும் உப்புக்காற்று அரித்துவிடும். மாரி மழை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தத் தந்தி மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. துருவின் நிழல்கூட அதில் இல்லை.

எங்கள் குழுவுக்கு வயலின் வாசிக்க வரும், போர்த்துக்கேய வழிவந்த வயதான பறங்கி அங்கிள் ஒருவர் மட்டும் தந்தியின் பக்கம் திரும்பவே இல்லை. "கையில் என்ன வைத்திருந்தாய், மகள்? அதைக் காட்டு" என்றார்.

நான் நீட்டியது கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பொதியில் வந்த பிக், அதாவது விரல்களில் பிடித்துத் தந்தியைத் தட்டும் சிறு துண்டு. கறுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. ஊரில் யாரிடமும் இல்லாத பொருள் என்பதால் அதை மிகவும் உயர்ந்ததாக நினைத்து வைத்திருந்தேன். அங்கிள் அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"இது வளையாது. உன் விரலும் வளையவில்லை, நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று பேரில் ஒருவர் வளைந்துதான் ஆக வேண்டும். மிச்சம் இருந்தது தந்தி. அது எவ்வளவுதான் தாங்கும்?"

பிக்கைத் தெரிவு செய்வது பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன், எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். அந்த நள்ளிரவில் கோயில் வாசலில் கேட்டதைவிடப் பயனுள்ள ஒரு சொல்லை இன்னும் கேட்கவில்லை. நான் இன்று கல்லடியில் சில பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் எல்லோருக்கும் அதையே சொல்கிறேன்.

கை கீழிறங்கி ஆறு தந்திகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விரலும் பிக்கும் தந்தியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கையின் வேகம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். பிக் மெல்லியதாக இருந்தால் அது வளைந்து அந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பிக் தடித்ததாக இருந்து, பிடித்த விரல்கள் தளர்வாக இருந்தால், பிக் விரலுக்குள் சற்றே சாய்ந்து கொடுத்துத் தந்தியைத் தாண்டும். இரண்டும் இறுகியிருந்தால் தந்தி முழுவதையும் வாங்கும். அடி தாங்காமல் சுருதி விலகும், ஒலி கரகரக்கும், ஏற்கெனவே பலவீனமான இடத்தில் அறுந்தும் போகும். தடித்த பிக் தானாகத் தந்தியை அறுப்பதில்லை. தளரத் தெரியாத விரலோடு சேரும்போதுதான் அறுக்கிறது.

ஆகவே கடையில் போய் "எந்த பிக் நல்லது?" என்று கேட்பதில் பொருள் இல்லை. உன் விரல் எவ்வளவு தளரக் கற்றிருக்கிறது, நீ வாசிக்கப் போகும் இசை எவ்வளவு வளைவைப் பொறுக்கும் என்ற இரண்டையும் உன்னிடமே கேட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டும்.

தடிப்பு பற்றிய எண்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதுவாக 0.60 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை மெல்லியவை. அதற்கு மேல் 0.80 வரை நடுத்தரம். அதிலிருந்து 1.2 வரை தடித்தவை. ஒன்றரைக்கு மேல் போனால் மிகத் தடித்தவை. எல்லை ஒவ்வொரு நிறுவனத்திலும் கொஞ்சம் மாறும் என்பதால், "மீடியம்" என்று அச்சிட்ட சொல்லை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். டன்லொப் நிறுவனத்தின் டோர்ட்டெக்ஸ் வகையில் நிறமே எண்ணாக இருக்கிறது: சிவப்பு 0.50, செம்மஞ்சள் 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால், எண் தேய்ந்துபோன பழைய பிக்கைக்கூட அடையாளம் காணலாம்.

மறுநாள் நத்தார் மதியம் அங்கிள் வீட்டுக்குப் போனேன். டச்பாரில் கடலோரமாக இருந்த அவருடைய பழைய வீடு 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் போய்விட்டது. அதன் பிறகு திராய்மடுவில் கிடைத்த வீட்டில் இருந்தார். அவர் எனக்குத் தந்தது 0.46 மில்லிமீற்றர் நைலோன் பிக் ஒன்று, சாம்பல் நிறம், நன்றாகப் பழகிய நுனி. "இதை வைத்து ஆறு மாதம் வாசி. கை தானாகத் தளரும். பிறகு மேலே போகலாம்."

அந்தப் பிக்கைக் கொண்டு முதல் கோர்ட்டை, அதாவது பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை, தட்டியபோது ஏமாற்றமாக இருந்தது. என் கறுப்புப் பிக்கில் கிடைத்த கனத்த ஒலி எங்கே? ஒலி மெலிந்திருந்தது, ஒவ்வொரு தட்டலோடும் பிக் தந்திகளில் படபடக்கும் ஓசையும் கேட்டது. அதுதான் மெல்லிய பிக்கின் இயல்பு. வளைந்து திரும்பும்போது அது தானும் ஓசை எழுப்புகிறது. தனியறையில் கேட்டால் அது குறை. நாற்பது பேர் பாடும்போது அதே படபடப்புத் தாளமாக மாறி, குரல்களுக்கு அடியில் ஒரு சிறு சல்லாரி போல ஓடுகிறது. கிற்றாரின் கனமான ஒலி குரல்களோடு மோதுவதும் இல்லை. பாடகர் குழுவுக்கு மெல்லிய பிக் ஏன் பொருந்துகிறது என்பது எனக்கு அடுத்த ஞாயிறுதான் புரிந்தது.

அங்கிளின் கையைக் கவனித்தது அதைவிடப் பெரிய பாடம். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இசை எளிதில் நிற்காது. வயலின், மண்டலின், கிற்றார், ரபான் எல்லாம் சேர்ந்து ஆறு எட்டுத் தாளத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். இலங்கையின் பைலா அந்தக் கபிரிஞ்ஞாவின் பிள்ளைதான். அந்தத் தாளத்தில் கிற்றாருக்கு இருக்கும் வேலை ஓயாமல் மேலும் கீழும் தட்டுவது. இரவு முழுவதும் அப்படித் தட்டுகிறவர் மணிக்கட்டை இறுக்கினால் அரை மணி நேரத்தில் கை மரத்துவிடும். அங்கிளின் மணிக்கட்டு ஈரத் துணியை உதறுவது போல அசையும். பிக் விரல்களுக்கு நடுவே கிட்டத்தட்ட விழுந்துவிடும் போல இருக்கும், ஆனால் விழாது.

அதே அங்கிள் மண்டலினைக் கையில் எடுத்தால் பிக்கை மாற்றிவிடுவார். நான் கேட்டேன், ஏன் என்று. மண்டலினில் நான்கு சோடித் தந்திகள், இறுக்கமானவை, நீளம் குறைந்தவை. ஒரு சுரத்தை நீட்ட வேண்டுமானால் வேகமாக மேலும் கீழும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே மெல்லிய பிக் வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த தொடுகை வந்துவிடுகிறது. பிக் கைக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் அவர் மண்டலினுக்கு வளையாத, நுனி உருண்ட பிக் ஒன்றை வைத்திருந்தார். ஒரே மனிதர், ஒரே மாலை, இரண்டு பிக்குகள். "எனக்கு எந்தப் பிக் சரி?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்: உனக்கு என்று ஒன்று இல்லை, நீ செய்யும் வேலைக்கு என்று ஒன்று இருக்கிறது.

இந்த உண்மை எனக்குக் கிற்றாரில் உறைத்தது, பாடலின் இடையிசையைத் தனித் தந்திகளில் வாசிக்கத் தொடங்கியபோது. 0.46 நைலோனை வைத்துக்கொண்டு வேகமான சுரவரிசை ஒன்றை எடுத்தேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டது போல எல்லாம் குழம்பியது. விரல் போன பிறகுதான் சுரம் வந்தது. ஒவ்வொரு சுரத்தையும் தனியாக, நேரத்துக்கு, விரும்பிய கனத்தோடு எழுப்ப வேண்டுமானால் பிக் வளையக் கூடாது. அங்கே வளைய வேண்டியது விரலும் மணிக்கட்டும் மட்டுமே. அதனால்தான் தனிச்சுரம் வாசிப்பவர்கள் 1 மில்லிமீற்றருக்கு மேலே போகிறார்கள். ஐரோப்பிய ஜிப்ஸி ஜாஸ் வாசிப்பவர்கள் 3 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட பிக்குகளைக்கூடப் பிடிக்கிறார்கள். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். உலோகம் அணுவளவும் வளையாது. தந்தியைத் தொடும் உணர்வு குறையாமல் விரலுக்கு வந்துவிடும். பிக் வளையாத அளவுக்கு விரல் எவ்வளவு பக்குவப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவையும் நுனியையும் பலர் கவனிப்பதே இல்லை. நாம் கடையில் சாதாரணமாகக் காணும் வட்டமுனை முக்கோணத்துக்கு 351 என்று பெயர். அதைவிடச் சிறிய, கூரிய நுனியுள்ள ஜாஸ் மூன்று என்ற வகை 1.38 மில்லிமீற்றர் தடிப்பு. பிடித்தால் விரலுக்கு வெளியே நுனி மட்டும்தான் தெரியும். தனிச்சுரத்துக்கு அது அருமையான பிக். கோர்ட் தட்டுவதற்கு அதைப் பிடித்தால் விரல் நகமே தந்தியில் உரசும். கூரிய நுனி தந்தியைக் குறுகிய இடத்தில் தொடுவதால் ஒலி பளிச்சென்று இருக்கும். உருண்ட நுனி அகலமாகத் தொடுவதால் ஒலி கனிந்து வரும். இதற்காக இரண்டு பிக் வாங்கத் தேவையில்லை. நற்கருணைப் பாடல் போன்ற மெதுவான பாட்டு வரும்போது நான் பிக்கைச் சற்றுத் திருப்பி, நுனிக்குப் பதிலாக அதன் உருண்ட தோள்பட்டையால் தட்டுகிறேன். ஒரே பிக்கில் இன்னொரு குரல் கிடைக்கிறது.

இனி, பொருள். இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் அங்கிளின் மண்டலின் பிக் நினைவுக்கு வரும். நான் பார்த்தது அதற்கு மாற்றாக அவர் பிறகு வாங்கிய பிளாஸ்டிக் பிக். பழையது அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது. ஆமையோட்டில் செய்தது, தேன் நிறத்தில் கருந்திட்டுகளோடு இருக்குமாம். அலை வந்த அன்று மண்டலினோடு சேர்ந்து போய்விட்டது. "அதைக் கடல் எடுத்தது எனக்குத் துக்கம் இல்லை, மகள். மண்டலினுக்குத்தான் துக்கம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சிறு வயதில் கரைக்கு வந்த ஆமையை ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்திருக்கிறாராம்.

அந்த ஓடு அழுங்காமையினுடையது. பருந்தின் அலகு போன்ற வாயுள்ள இந்தக் கடலாமையின் ஓட்டுத் தகடுகளிலிருந்துதான் சீப்பு, கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி, பிக் எல்லாம் செய்தார்கள். தந்தியில் வழுக்கிச் செல்லும் தன்மையிலும் ஒலியின் கனிவிலும் அதற்கு இணை இல்லை என்று பழைய வாசிப்பாளர்கள் சொல்வார்கள். அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் ஓட்டை நாடுவிட்டு நாடு விற்பதற்கு 1970களிலேயே சர்வதேச உடன்படிக்கை தடை போட்டது. இலங்கையில் முட்டையிட வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. யாராவது "அசல் ஆமையோடு" என்று சொல்லி ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். எந்தப் பாட்டுக்கும் அந்த விலை வேண்டாம்.

மாற்றுப் பொருள்களின் கதையே ஆமையிலிருந்து விலகி வந்த கதைதான். 1922இல் நியூயோர்க்கில் லூயிஜி டி அண்ட்ரியா என்பவர் செல்லுலோயிட் தகட்டில் பிக்குகளை வெட்டி விற்கத் தொடங்கினார். செல்லுலோயிட் அதற்கு முன்பே யானைத் தந்தத்துக்கு மாற்றாகப் பெயர் பெற்ற பொருள். இன்றும் பல செல்லுலோயிட் பிக்குகள் ஆமையோட்டின் நிறத்திலும் திட்டிலும் வருவது அந்தப் பழக்கத்தின் மிச்சம். எளிதில் தீப்பற்றும் பொருள் அது; மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கோயிலில் வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1981இல் டன்லொப் நிறுவனம் டெல்ரின் என்னும் பிளாஸ்டிக்கில் டோர்ட்டெக்ஸைக் கொண்டுவந்தது. ஆமையோட்டின் தன்மையைப் பிடிக்க முயன்ற பிக் அது. அதன் மேல் அச்சிட்டிருப்பதும் ஒரு சிறிய ஆமையின் படம்தான்.

ஆமையோடு, எருமைக் கொம்பு, நமது விரல் நகம் மூன்றுமே கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர்கள் தங்கள் விரல் நுனியில் இருந்த பொருளைத் தேடிக் கடலுக்குள் போயிருக்கிறார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன எங்கள் பக்கத்தில் கொம்புக்கும் பஞ்சம் இல்லை. கொம்பில் செய்த பிக்குகளை வெளிநாடுகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வடஇந்தியாவின் சரோத் வாத்தியத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய ஜவா என்ற துண்டால்தான் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். அரபு நாட்டு ஊத் வாத்தியத்துக்குப் பழைய வழக்கம் கழுகின் இறகு. அவர்கள் பிக்கை அழைக்கும் ரீஷா என்ற சொல்லுக்கே இறகு என்றுதான் பொருள். சிரட்டையை நான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். வளைவான துண்டு என்பதால் பெருவிரல் அதில் நன்றாக உட்காருகிறது. ஒலி மங்கலாகவும் இதமாகவும் வருகிறது. இரும்புத் தந்தியில் சீக்கிரம் தேய்ந்து நார் விடுகிறது என்பது மட்டுமே குறை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதி வியர்வை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் பிக் விரலுக்குள் சுழன்றுவிடும். பிக் வழுக்கத் தொடங்கியதும் எல்லோரும் செய்வது இறுக்கிப் பிடிப்பது. இறுக்கியதும் விரல் வளைவதை நிறுத்துகிறது. பழைய கதை மறுபடி தொடங்குகிறது. ஆகவே இங்கே பிக்கின் மேற்பரப்பு தடிப்பைப் போலவே முக்கியம். டோர்ட்டெக்ஸின் மாவு பூசியது போன்ற மங்கலான மேற்பரப்பு வியர்வையில் நன்றாக நிற்கிறது. நைலோன் பிக்குகளில் பிடிப்புக்காக மேடாக எழுத்தோ புள்ளியோ பதித்திருக்கிறார்கள், அது இல்லாத நைலோன் பிக்கை இந்த ஊரில் வாங்க வேண்டாம். நைலோன் ஈரத்தை உறிஞ்சும் பொருள், உறிஞ்சினால் இன்னும் நெகிழும். மாரி காலத்தில் உங்கள் நைலோன் பிக் கொஞ்சம் சோர்ந்திருப்பது போலத் தோன்றினால் அது உங்கள் கற்பனை அல்ல. பளபளப்பான பிக்கே கையில் இருந்தால், நடுவில் ஒரு சிறு துளை போடுங்கள், அல்லது ஊசி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். விரலுக்கு அதுவே போதும்.

பிடிக்கும் கோணத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு யாழ் நினைவு வந்துவிடும். காரைதீவில் பிறந்து, யாழின் இசையை ஆராய்வதற்குப் பல ஆண்டுகளைக் கொடுத்த விபுலாநந்த அடிகளின் பெயரால் கல்லடியில் ஓர் இசைக் கல்வி நிறுவனமே இருக்கிறது. அதன் வழியாகத்தான் நான் தினமும் போகிறேன். பழந்தமிழர் யாழில் விரல் செய்யும் வேலைக்கு வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று எட்டுப் பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் வடித்தல் என்பதற்குச் சிலப்பதிகார உரைகாரர் தரும் விளக்கம், சுட்டுவிரலும் பெருவிரலும் கூட்டி நரம்பை அகமும் புறமும் ஆராய்தல் என்பது. பிக் பிடிப்பதும் அதே இரண்டு விரல்களைக் கூட்டித்தான். கீழே ஒன்று மேலே ஒன்று என்று அகமும் புறமும்தான். ஆராய்தல் என்ற சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். அடித்தல் என்று அவர்கள் சொல்லவில்லை. பிக்கைத் தந்திக்குத் தட்டையாக வைத்தால் ஒலி அழுத்தமாகத் தெறிக்கும். சற்றே சரித்து, விளிம்பு முதலில் தொடும்படி வைத்தால் பிக் தந்தியின் மேல் வழுக்கிப் போகும், ஒலி மெதுவாக விரியும். அதிகம் சரித்தால் சுற்றுக்கம்பித் தந்திகளில் கீறும் ஓசை வரும். இந்த மூன்றுக்கும் நடுவே உங்கள் இடத்தை நீங்களே ஆராய்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பணம் இல்லாத பிள்ளைகள் பிக்குக்காக நிற்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் சிம் வரும் பிளாஸ்டிக் அட்டையும் காலாவதியான வங்கி அட்டையும் 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, உலகம் முழுவதும் ஒரே அளவு. அதாவது ஏறக்குறைய மஞ்சள் டோர்ட்டெக்ஸ். நல்ல பிக் ஒன்றை அதன் மேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நகம் தேய்க்கும் அரத்தால் விளிம்பை இரண்டு பக்கமும் சரிவாகத் தேயுங்கள். கடைசியில் தடித்த காற்சட்டைத் துணியில் நன்றாக உரசுங்கள். விளிம்பை மெருகேற்றாமல் வாசித்தால் கரகரவென்று இருக்கும்; பலர் அங்கே நிறுத்திவிட்டுத்தான் "வீட்டுப் பிக் சரிவராது" என்கிறார்கள். ஒரு சிம் அட்டையில் மூன்று வெட்டலாம். என் மாணவர் ஒருவர் களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். இரண்டு வருடமாக அவர் வாசிப்பது அப்படி வெட்டிய பிக்கில்தான்.

பிக்கே வேண்டாத இடங்களும் உண்டு. நைலோன் தந்தி போட்ட கிளாசிக்கல் கிற்றார் விரலுக்கும் நகத்துக்கும் என்று பிறந்தது. அதை பிக்கால் தட்டி ஒலி போதவில்லை என்று சிலர் அதிலேயே இரும்புத் தந்தி மாட்டிவிடுகிறார்கள். அந்த இழுவையை அது தாங்காது. தந்திகளின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்ந்த கிற்றார்களோடு வந்த பெற்றோரைப் பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது. ஜாஸ் கிற்றாரில் வெஸ் மொன்ட்கொமரி பெருவிரலால் வாசித்தார். அந்த இதமான ஒலியை எந்தப் பிக்காலும் எடுக்க முடியாது. தனியாக உட்கார்ந்து தாலாட்டுப் போன்ற ஒன்றை வாசிக்கும்போது நானும் பிக்கை மேசையில் வைத்துவிடுவேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரே வகையில் பன்னிரண்டு வாங்காதீர்கள். நான்கு தடிப்புகளில் ஒவ்வொன்று வாங்குங்கள். 0.50, 0.73, 0.88, 1.0 போதும். ஊர்க் கடையில் எண் இல்லாத பிக்குகள்தான் இருக்கிறது என்றால், உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். ஒரு கடித உறைக்குள் அடங்கும் பொருள். பிறகு ஒரே பாட்டை, ஒரே வேகத்தில், நான்கிலும் வாசியுங்கள். தொலைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதை ஏமாற்றுவது கை. தடித்த பிக் கையில் உறுதியாக இருப்பதால் ஒலியும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். மறுநாள் கேட்கும்போது கை இருக்காது, ஒலி மட்டும்தான் இருக்கும். தேய்ந்த தந்தியில் சோதிக்க வேண்டாம். உங்கள் தந்தி 10இல் (0.010 அங்குலம்) தொடங்கும் மெல்லிய தொகுதியா 12இல் (0.012 அங்குலம்) தொடங்கும் தடித்த தொகுதியா என்பதையும் கணக்கில் எடுங்கள். மெல்லிய தந்திக்கு மேல் தடித்த பிக் போனால் ஒவ்வொரு தட்டலிலும் சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும்.

அங்கிள் சொன்ன ஆறு மாதம் எனக்கு ஒன்பது மாதம் ஆனது. 0.46இலிருந்து 0.60க்குப் போனேன். 0.73இல் நான்கு வருடம் இருந்தேன். அவர் காலமான வருடத்தில் பச்சைக்கு மாறினேன். அவர் இறுதித் திருப்பலியில் வாசித்ததும் அந்தப் பச்சைப் பிக்கில்தான். கனடாவிலிருந்து வந்த கறுப்புப் பிக்கை நான் எறியவில்லை. இப்போது சில தனிச்சுரங்களுக்கு அதை எடுக்கிறேன், தந்தி அறுவதில்லை.

போன மாதம் பாடகர் குழுவுக்கு வரும் சிறுமி ஒருத்தி தன் மஞ்சள் பிக் வழுக்குகிறது என்று கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியின் ஒரு பக்க விளிம்பு மட்டும் மெழுகு உருகியது போலச் சரிந்து தேய்ந்திருந்தது. சரிவான கோணத்தில், மாதக்கணக்கில், இறுக்காமல் வாசித்த கை மட்டும்தான் பிக்கை அப்படித் தேய்க்கும். எதுவும் சொல்லாமல் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னேன். பின்னால் போய் நின்று அவள் விரல்களைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் பையிலிருந்து பச்சை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது தடிப்பா இல்லையா, டீச்சர்?" என்று கேட்டாள், இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து வளைத்துப் பார்த்தபடி.